இரண்டு திருகுகள்: பெயரில்லாத ஒரு பழைய எலெக்ட்ரிக் கிடாரின் நிகழ்வு ஆய்வு

இந்தக் கிடாரின் தலையில் பெயர் கிடையாது. பெயர்ப்பட்டை இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருக்கின்றன. உடம்பு, ஓரத்தில் கரும்பழுப்பாகத் தொடங்கி நடுவில் மஞ்சளாகும் சன்பர்ஸ்ட். அதன்மேல், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் நான்கு பிக்கப்புகள். ஒவ்வொன்றின் குரோம் மூடியிலும் இருக்கும் திறப்பு வழியாகத் தங்க நிறத் தகடு தெரியும். மேல் பக்கம் வரிசையாக நான்கு ராக்கர் சுவிட்சுகள், தள்ளி ஐந்தாவதாக இன்னொன்று. ஒரு வால்யூம், ஒரு டோன், அழுத்தினால் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கும் நீளமான ட்ரெமலோ கை. ரேடியோ மெக்கானிக் யாரோ ஓய்வு நேரத்தில் செய்த விளையாட்டுச் சாமான் போல இருக்கும்.

கொடுத்தவர் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: “சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும். வாசிக்க ஆகாது.”

ஏன் ஆகாது என்று தேடியதன் பதிவு இது. எட்டு மாதம் பிடித்தது. அதில் முதல் ஒரு மாதம் என் அவசரத்தால் வீணானது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கிடாரின் கோளாறுகளில் பாதிக்கு மேல் தொழிற்சாலையில் பிறந்தவை அல்ல. யாரோ ஒருவர் ஒருநாள் கம்பியை மாற்றியிருக்கிறார். மற்றது அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கிறது.

எந்தக் காலத்துப் பொருள்

1960-களின் நடுப்பகுதி, ஜப்பான். 1965-இல் அமெரிக்க இசைக்குழுவான வெஞ்சர்ஸ் அங்கே சுற்றுப்பயணம் போனபோது எலெக்ட்ரிக் கிடார் மோகம் நாட்டையே பிடித்துக்கொண்டது. ‘எலெகி’ என்று அதற்குச் செல்லப்பெயரே வந்தது. உள்ளூரில் இப்படி, அமெரிக்காவுக்கு ஏற்றுமதி இன்னொரு பக்கம். 1946-இல் தோக்கியோவில் தொடங்கிய டெய்ஸ்கோ நிறுவனம் ‘டெல் ரே’ என்ற பெயரில் அங்கே அனுப்பியது. 1967-இல் அது கவாய் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒரே தொழிற்சாலைக் கிடார், இறக்குமதி செய்பவரைப் பொறுத்து வேறு வேறு பட்டையோடு கடைக்குப் போகும். அதனால் பட்டை விழுந்த கிடாரின் குலம் கோத்திரம் தேடும் வேலையில் நான் இறங்கவில்லை.

சுவிட்சும் பிக்கப்பும் கூடக்கூட மேல்தர மாடல் என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்குப்படி என்னுடையது உச்சத்தில் இருந்த ஒன்று. நான்கு சுவிட்சைத் தனித்தனியாகப் போட்டு அணைக்கலாம் என்றால் 16 சேர்க்கை. எல்லாம் அணைந்த நிலையை விட்டால் 15 ஓசை. காதுக்கு ஐந்தோ ஆறோதான் கிடைக்கிறது. அது போகட்டும்.

இந்த ரகக் கிடார்களை யார் வாசித்தார்கள் என்பதில் ஒரு துப்பு இருக்கிறது, அது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. ராக் கிடார்க் கலைஞர் எடி வான் ஹேலன் சிறுவனாக முதலில் எடுத்த எலெக்ட்ரிக் கிடார் டெய்ஸ்கோ டெல் ரே. அது ஆரம்பக் கிடார் கதை, விடலாம். ஆனால் சிகாகோ ப்ளூஸ்காரர் ஹவுண்ட் டாக் டெய்லர் மேடையிலேயே ஜப்பானிய மலிவுக் கிடாரைத்தான் வாசித்தார். அமெரிக்கக் கிடார்க் கலைஞர் ரை கூடர் டெய்ஸ்கோவின் தங்கத்தகடு பிக்கப் ஒன்றைத் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் மாட்டிக்கொண்டார். இருவருமே ஸ்லைடு வாசிப்பவர்கள், அதாவது விரலில் மாட்டிய குழாயைக் கம்பியின்மேல் வழுக்கி வாசிப்பவர்கள். ஸ்லைடு வாசிப்பவருக்குக் கம்பி உயரமாக இருப்பது வசதி. கிடாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட் (வீணையில் மெட்டு மாதிரி) எங்கே இருக்கிறது என்பது அவருக்கு வெறும் அடையாளக் கோடு, சுருதியைக் காதுதான் பார்த்துக்கொள்ளும். கம்பி உயரமும் ஃப்ரெட் சுருதியும்தான் என் கிடாரின் முக்கியமான இரண்டு புகார்கள்.

என்ன புகார்

வந்த அன்று குறித்துக்கொண்டதை அப்படியே சொல்கிறேன். கம்பி 12-ஆம் ஃப்ரெட்டில் 3.4 மி.மீ. உயரத்தில் நின்றது. திறந்த கம்பியாக மீட்டினால் முதல் இரண்டு கம்பிகள் கரகரத்தன. ஃப்ரெட்டில் அழுத்தினால் கரகரப்பு போய்விட்டது. கீழே சுருதி சேர்த்துவிட்டு மேலே ஏறினால் ஒவ்வொரு கார்டும் (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) புளித்தது. ட்ரெமலோ கையை ஒருமுறை அழுத்தி விட்டால் ஆறு கம்பியும் ஆறு திசையில் போயின. சற்று வேகமாக மீட்டினால் ஆறாம் கம்பி, உடம்பின்மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் தன் பள்ளத்தை விட்டே எகிறிக் குதித்தது. மின் பக்கம் மூன்றாவது பிக்கப் ஊமை. இரண்டாவதையும் நான்காவதையும் சேர்த்துப் போட்டால் மூக்கடைத்த மாதிரி ஒல்லிச் சத்தம். எல்லாவற்றுக்கும் அடியில் ஓயாத ஹம், அதாவது மின் இரைச்சல்.

வாசிக்க ஆகாது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை.

நான் செய்த முதல் தவறு

சுருதி நிற்கவில்லை என்றால் கம்பியை முறுக்கும் ட்யூனரைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள். நானும் அதையே செய்தேன். பழைய திறந்த முதுகு ட்யூனர்களைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஆறு மாட்டினேன். துளை அளவு சரியாக வரவில்லை, இரண்டு துளையைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருந்தது. பழைய மரத்தில் அந்தத் துளைகளை இன்றைக்குப் பார்த்தாலும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது.

புது ட்யூனரில் சுருதி நின்றதா? இல்லை. அதே மாதிரிதான் ஓடியது.

பழைய ட்யூனரின் பற்சக்கரத்தில் தேய்மானமே இல்லை என்பதை அதற்கப்புறம்தான் பார்த்தேன். ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டதும் அழகாகச் சுழன்றது. துளைக்குப் புஷ்ஷிங் வைத்துப் பழையதையே திரும்பப் போட்டேன். அதோடு ஒரு முடிவும் எடுத்தேன்: இனி அளக்காமல் எதையும் கழற்றுவதில்லை.

அளவுகோல் சொன்னது

முதலில் ஃப்ரெட்டுகள். மலிவுக் கிடார் என்றால் ஃப்ரெட் இடமே தப்பாக இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது மட்டும் உண்மையானால் கதை அங்கேயே முடிந்தது. வீணையில் மெட்டு மெழுகில் உட்கார்ந்திருக்கும், பிசகினால் உருக்கி நகர்த்தலாம். கிடாரில் மரத்தை அறுத்து இறக்கிய கம்பி, நகராது.

இந்தக் கிடாருக்குத் தலைப் பக்கம் கம்பிகள் பதியும் நட்டை ஒட்டி ஒரு ‘ஜீரோ ஃப்ரெட்’ இருக்கிறது. திறந்த கம்பி அதன்மேல்தான் நிற்கும். அங்கிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை 312 மி.மீ. ஆக, கம்பி நீளம் கணக்குக்கு 624. சம அளவு பன்னிரண்டு அரைச்சுரங்களுக்கு நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம் வரும்: 35 மி.மீ. எஃகு அளவுகோலை வைத்தேன். 35. ஐந்தாவது, ஏழாவது, பன்னிரண்டாவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகவில்லை. ஃப்ரெட் வெட்டியவர் யாரோ, வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

அடுத்து மறுபக்கம். 12-ஆம் ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜில் முதல் கம்பி உட்காரும் இடம் வரை 310 மி.மீ. இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது 312-க்குக் குறையவே கூடாது. விரலால் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும், அதை ஈடுகட்டப் பிரிட்ஜைச் சற்றுப் பின்னால்தான் வைப்பார்கள். முதல் கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர் கூடுதல், அதாவது 314 வாக்கில் இருந்திருக்க வேண்டும். நான்கு மில்லிமீட்டர் முன்னால் வந்து நின்றது பிரிட்ஜ். 624 மி.மீ. கிடாரில் அந்த நான்கு மில்லிமீட்டர் 12-ஆம் ஃப்ரெட்டில் ஏறக்குறைய 11 சென்ட் ஏற்றிவிடும். ஒரு அரைச்சுரம் 100 சென்ட். 11 சென்ட் என்பது தனியாகக் கேட்டால் சகிக்கலாம், கார்டில் கேட்டால் பல் கூசும்.

சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் 12-ஆம் ஃப்ரெட்டைப் பார்த்தபோது முதல் கம்பி 15 சென்ட் ஏறியிருந்தது, மூன்றாம் கம்பி 30. முதல் கம்பியின் 15-இல் 11-க்குப் பிரிட்ஜ் பதில் சொல்லிவிட்டது. மீதியைக் கம்பியின் உயரத்தின்மேல் போடலாம்: உயரத்தில் நிற்கும் கம்பியை அழுத்தும்போது அதிகமாக இழுபடும். மூன்றாம் கம்பி ஏன் இரண்டு மடங்கு தப்பு?

திருகுகள்

இந்த வகைப் பிரிட்ஜ் உடம்போடு இணைக்கப்பட்டதே அல்ல. இரண்டு காலில் சும்மா உட்கார்ந்திருக்கும். கம்பிகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைக்கும். வயலினில் குதிரை நிற்கிறதே, அந்த மாதிரி. ட்ரெமலோவை அழுத்தும்போது கம்பிகளோடு சேர்ந்து அது லேசாகச் சாய்ந்து திரும்ப வேண்டும்.

என் கிடாரில் அது அசையவில்லை. உற்றுப் பார்த்தால் பிரிட்ஜின் அடித்தட்டில் இரண்டு ஓரத்திலும் துளை போட்டு, உடம்புக்குள் இரண்டு மரத்திருகு இறக்கியிருந்தார்கள். மற்ற திருகுகளெல்லாம் மங்கிப்போயிருக்க, இவை இரண்டும் பளபளவென்று இருந்தன.

கழற்றிப் பிரிட்ஜைத் தூக்கினேன். அடியில் இரண்டு வட்டத் தடங்கள். சுற்றியிருக்கும் மஞ்சள் வெளுத்துப்போயிருக்க, வட்டத்துக்குள் மட்டும் நிறம் புதுசாக இருந்தது. பல வருடம் பிரிட்ஜின் கால் அங்கே நின்றிருக்கிறது. தடத்தின் நடுவுக்கும் திருகடித்த இடத்துக்கும் இடைவெளியை அளந்தேன். நான்கு மில்லிமீட்டர்; பழைய தடம், கம்பிகளின் பின்முனை மாட்டும் வாலை நோக்கிப் பின்னால் இருந்தது.

நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். ட்ரெமலோவை அழுத்தும்போதெல்லாம் பிரிட்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக நெக் பக்கம் நகர்ந்தது. வாசித்தவருக்கு எரிச்சல். ஒருநாள் நகர்ந்த இடத்திலேயே வைத்துத் திருகு அடித்துவிட்டார். நகர்வது நின்றது, தப்பு நிலையாகிவிட்டது. அதற்கப்புறம் ட்ரெமலோவை அழுத்தினால் பிரிட்ஜ் கூடவே சாயாது. கம்பிகள்தான் அதன்மேல் உரசிக்கொண்டு போய் உரசிக்கொண்டு திரும்ப வேண்டும். உரசல் ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு அளவு, அதனால் ஆறும் ஆறு சுருதியில் திரும்பின. பாவம் அந்த ட்யூனர்கள்.

திருகைக் கழற்றிப் பிரிட்ஜைப் பழைய தடத்தில் வைத்தேன். முதல் கம்பியின் சுருதி சரியானது. ஆனால் இரண்டே நாளில் பிரிட்ஜ் மறுபடி நகர்ந்தது. திருகடித்தவர்மேல் அப்போது எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது.

அப்படியானால் முதலில் ஏன் நகர்ந்தது? இதுதான் உண்மையான கேள்வி.

கம்பி

கிடாரில் அப்போது இருந்தது 009 கட்டு, அதாவது முதல் கம்பி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு தடிமன். இன்றைக்கு மிகச் சாதாரணம். இந்தக் கிடார் பிறந்த காலத்தில் அப்படி இல்லை. அன்றைய வழக்கமான கட்டுகள் தடித்தவை, மூன்றாம் கம்பி சுற்றுக்கம்பியாகவே (இழையின்மேல் இன்னொரு கம்பி சுற்றியதாக) வரும். மெல்லியது வேண்டியவர்கள் பேன்ஜோ கம்பியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். 1960-களில்தான் எர்னி பால் மாதிரி ஆட்கள் மெல்லிய கட்டுகளைத் தனியாக விற்று அதை ஒரு பழக்கமாக்கினார்கள்.

கம்பியின் இழுவிசை தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறும். 009-ஐ விட 011 ஒன்றரை மடங்கு இழுக்கும். இந்தக் கிடாரின் நீளத்தில் முதல் கம்பி மட்டும் 009 என்றால் சுமார் 5.5 கிலோ, 011 என்றால் சுமார் 8.2. அதற்கு மேல் 624 மி.மீ. என்பது ஃபெண்டர் வகையின் 648-ஐ விடக் குட்டை. குட்டை என்பதாலேயே அதே கம்பி அதே சுருதியில் ஏழு சதவீதம் தளர்வாக நிற்கும். பிரிட்ஜைக் கீழே அழுத்திப் பிடிக்கும் விசை இந்த இழுவிசையிலிருந்தும், பிரிட்ஜுக்கு மேல் கம்பி எவ்வளவு மடங்குகிறது என்பதிலிருந்தும்தான் வருகிறது. இரண்டுமே இங்கே குறைவு. ஆறாம் கம்பி பள்ளத்தை விட்டுக் குதித்ததும் பிரிட்ஜ் நகர்ந்ததும் ஒரே நோயின் இரண்டு அறிகுறி.

மூன்றாம் கம்பிப் புதிரும் இங்கேயே அவிழ்ந்தது. அழுத்தும்போது சுருதி எவ்வளவு ஏறும் என்பதை உள்ளே இருக்கும் எஃகு இழையின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. சுற்றுக்கம்பியில் இழை மெல்லியது, சுற்று வெறும் எடைக்கு. வெறுங்கம்பியில் முழுத் தடிமனும் இழையே. மெல்லிய கட்டில் வரும் வெறும் மூன்றாம் கம்பிதான் ஆறில் மிகத் தடித்த இழை கொண்ட கம்பி, அதனால் அதற்குப் பிரிட்ஜ் தள்ளி இருக்க வேண்டும். என் பிரிட்ஜிலோ ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனித் திருகு இல்லை. ஒரே உலோகத் துண்டு, அதில் படிகள் வெட்டியிருக்கும். அந்தப் படிகளைக் கூர்ந்து பார்த்தால் மூன்றாம் கம்பிக்கான படி முன்னால் தள்ளி வெட்டப்பட்டிருந்தது. சுற்றுக்கம்பிக்கென்றே வெட்டியது! இதை வடிவமைத்தவர் கம்பிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வெட்டியிருக்கிறார். நாம்தான் வேறு கட்டைப் போட்டுவிட்டு அவரைத் திட்டுகிறோம்.

011-இல் தொடங்கும், மூன்றாம் கம்பி சுற்றாக வரும் கட்டு ஒன்றைப் போட்டேன். ஜாஸ் வாசிப்பவர்களுக்கென்று விற்பார்கள். பழைய தடத்தில் பிரிட்ஜை வைத்துப் பார்த்தபோது முதல் கம்பி 2 சென்ட், மூன்றாவது 4, மற்றவை 5-க்குள். அந்த இரவு வெறுமனே கார்டுகளை அழுத்தி அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நெக்

தடித்த கம்பி என்றதும் ஒரு பயம் இருந்தது. இந்த நெக்கில் திருகி நிமிர்த்தும் ட்ரஸ் ராட் இல்லை. உள்ளே நகராத எஃகுப் பட்டை மட்டும். அதிகம் இழுத்தால் வில்லாக வளைந்துவிட்டால் என்ன செய்வது? முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடம்பைச் சேரும் இடத்திலும் கம்பியை அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பார்த்தேன். பழைய கம்பியில் 0.4 மி.மீ., புதியதில் ஒரு வாரம் கழித்து 0.5. வழக்கமாக 0.3-க்குள் விரும்புவார்கள். ஏற்றுக்கொண்டேன். பேஸ்பால் மட்டை மாதிரி தடித்த நெக், கொஞ்சம் முரட்டுத்தனம் அதன் பிறவிக் குணம்.

உயரத்துக்குக் காரணம் நெக்கின் வளைவு அல்ல, அது உடம்பில் உட்காரும் கோணம். பிரிட்ஜ் ஏற்கெனவே அடிமட்டத்தில் கிடந்தது, இறக்க இடமில்லை. நெக்கைக் கழற்றி, அது உட்காரும் குழியின் பின் ஓரத்தில் 1 மி.மீ. மரச் சீவலை வைத்தேன். குழி 75 மி.மீ. நீளம், குழியின் முன் விளிம்பிலிருந்து பிரிட்ஜ் சுமார் 250 மி.மீ. தூரம். ஆக, பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் கணக்குக்கு 3.3 மி.மீ. இறங்கின மாதிரி; 12-ஆம் ஃப்ரெட்டில் அதில் பாதி, 1.7. இப்போது உயரம் 1.7 ஆகிவிட்டது, எனக்கு இது தாழ்வு. அதுதான் வேண்டும்: பிரிட்ஜைத் தாராளமாக 0.8 மி.மீ. ஏற்றலாம். ஏற்றியதும் 2.1-இல் வந்து நின்றது. பிரிட்ஜ் உயர்ந்ததால் அதற்கு மேல் கம்பி மடங்கும் கோணமும் கூடியது, பிடியும் கூடியது. ஒரு சீவல் மரத்தில் இரண்டு வேலை முடிந்தது.

திறந்த கம்பியின் கரகரப்பு தனிக் கதை, சின்னது. ஜீரோ ஃப்ரெட்டில் கம்பிகள் இத்தனை வருடம் உரசி வாய்க்கால் வெட்டியிருந்தன. திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டைத் தொட்டுக்கொண்டு ஆடியது. அழுத்தினால் கரகரப்பு போனதற்கு அதுதான் காரணம். ஃப்ரெட் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து அந்த ஒன்றை மட்டும் மாற்றினேன். எனக்கு அந்த வேலையில் கை வராது.

மின் பக்கம்

ஹம்மில் தொடங்கினேன், ஏனென்றால் அதற்கு ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. கம்பியைத் தொட்டால் ஹம் குறைய வேண்டும். குறையவில்லை. ஒயர் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனை கம்பியில், மறுமுனை ஜாக்கில்: இணைப்பு இல்லை. வால் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் மடக்கி வைத்திருந்த எர்த் ஒயர் அறுந்து குழிக்குள் சுருண்டு கிடந்தது. புது ஒயர், ஒரு பற்றவைப்பு. ஹம் பாதியாகக் குறைந்தது. மீதி ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு. (இப்படிக் கம்பியை எர்த்தோடு இணைத்த கிடாரை எர்த் பின் இல்லாத பழைய ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகக் கூடாது. ஆம்ப்பில் கசிவு இருந்தால் அது நேரே கம்பி வழியாக விரலுக்கு வரும்.)

ஊமையாக இருந்த மூன்றாவது பிக்கப். மற்ற மூன்றும் 6.5 முதல் 7.1 கிலோ ஓம் வரை காட்ட, இது எதுவுமே காட்டவில்லை. சுருள் அறுந்திருக்கிறது. முழுவதும் திருப்பிச் சுற்ற வேண்டுமோ என்று நினைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால், தலைமுடி கனத்துக்கு இருக்கும் அந்தச் செம்புக் கம்பி வெளி ஒயரோடு சேரும் இடத்திலேயே விட்டிருந்தது. இரண்டு சுற்று பிரித்து, எனாமலைச் சுரண்டி, பற்றவைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை. 6.8 காட்டியது.

மூக்கடைப்புச் சத்தம் ஃபேஸ் பிரச்சினை. இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகத் தள்ளும்போது அடிச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒல்லிச் சத்தம் மட்டும் மிஞ்சும். முள் வைத்த பழைய மீட்டரை இணைத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் பிக்கப்பைத் தட்டினால் முள் ஒரு பக்கம் துள்ளும். மூன்றில் ஒரே பக்கம் துள்ளியது, நான்காவதில் மட்டும் மறுபக்கம். அதன் பற்றவைப்புகளும் பளபளப்பு, மற்றதெல்லாம் மங்கல். யாரோ கழற்றி மாட்டும்போது ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறார். திருப்பிவிட்டேன். ஓரிரு நாள் அந்த மூக்குச் சத்தம் இல்லாமல் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. ஆனால் இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தால் வரும் நிறைவான ஓசைதான் இப்போது நான் அதிகம் வைத்துக்கொள்வது.

சுவிட்சுகளுக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தடவை தட்டினேன், சரியாகிவிட்டன.

ஏ ஷார்ப் பேய்

எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகு ஒன்று எஞ்சியது. ஏ ஷார்ப் வாசிக்கும்போது மட்டும் பின்னணியில் மெல்லிய மணி ஒலிக்கும். முதல் கம்பியின் ஆறாவது ஃப்ரெட்டில் நன்றாகவே கேட்கும். வேறு சுரத்தில் வராது. ஸ்பிரிங்காக இருக்கும் என்று ட்ரெமலோவுக்குள் பஞ்சு வைத்தேன், போகவில்லை.

பிறகு பிரிட்ஜுக்கும் வாலுக்கும் நடுவில் கிடக்கும் கம்பியை விரலால் தொட்டேன். மணி நின்றது. அந்தத் துண்டு 110 மி.மீ. முதல் கம்பி திறந்த நிலையில் 330 ஹெர்ட்ஸ். அதே இழுவிசையில் 110 மி.மீ. துண்டு சுமார் 1,870 ஹெர்ட்ஸில் அதிரும். அது ஏ ஷார்ப். ஆறாவது ஃப்ரெட்டில் 466 ஹெர்ட்ஸ் வாசித்தால் அதன் நான்காம் ஹார்மோனிக், அதாவது அதோடு சேர்ந்து ஒலிக்கும் நான்கு மடங்கு அதிர்வு, 1,865. கிட்டத்தட்ட ஒன்றேதான், தூண்டிவிடுகிறது.

அந்தத் துண்டுக்கு மேல் பிக்கப் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் ஆம்ப்பில் கேட்டதற்குக் காரணம், இந்தப் பிக்கப்புகள் மெழுகில் தோய்க்கப்படாதவை. உள்ளே சுருளும் தகடும் தளர்வாக இருப்பதால் உடம்பின் அதிர்வையே மைக் மாதிரி பிடிக்கின்றன. மூடியை நகத்தால் தட்டினால் ஆம்ப்பில் டொக் என்று கேட்கும். ஆம்ப்பின் கெயினை (உள்வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் வீறிடும். அந்த வீறிடல் கம்பிகளை உள்ளங்கையால் மூடினாலும் நிற்காது. கம்பி வழியாக வரும் ஃபீட்பேக் என்றால் மூடியதும் நின்றுவிடும்.

மெழுகில் தோய்த்தால் இரண்டும் போய்விடும். பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு கலந்து 65 டிகிரி வாக்கில் வைத்து முக்குவார்கள். மெழுகைக்கூட வாங்கி வைத்தேன். செய்யவில்லை. பழைய பிளாஸ்டிக் அந்தச் சூட்டுக்குக் கோணிக்கொள்ளலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்தக் கிடாரில் விரல் கம்பியில் படும் சத்தம், பிக் உரசும் சத்தம், உடம்பில் கை தட்டும் சத்தம் எல்லாமே ஓசையின் பகுதியாக வருகின்றன. மெழுகு ஊற்றினால் அதுவும் சேர்ந்து அடங்கிவிடும். இத்தனை நாள் பார்த்ததில் இது ஒன்றுதான் பிறவிக் குறை, அதைத்தான் நான் தொடவில்லை. மணி தொந்தரவாக இருக்கும் நாளில் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகிக்கொள்கிறேன்.

வாசிக்க ஆகுமா

எதை வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சுற்று மூன்றாம் கம்பியை இழுத்து வளைக்க முடியாது. முக்கால் சுரம் போவதற்குள் விரல் கெஞ்சும். வளைத்து வளைத்து வாசிக்கும் லீட் பாணிக்காரருக்கு இதைக் கொடுக்க மாட்டேன். டிஸ்டார்ஷன் பிரியர்களுக்கும் வேண்டாம். கெயினைக் கீழே வைத்து, ஆம்ப் லேசாக உடையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கார்டுகளைப் பிரித்துப் பிரித்து வாசித்தால் அது வேறு கிடார். ஒவ்வொரு கம்பியும் தனித்துக் கேட்கும். ட்ரெமலோவைக் கால் சுரத்துக்குள் மெதுவாக அசைத்தால் திரும்பி வந்து சரியான இடத்தில் உட்காருகிறது. அதற்கு மேல் பேராசைப்பட்டால் ஒத்துழைக்காது. நெக் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் போட்டு ஸ்லைடு வாசித்தபோதுதான் டெய்லரும் கூடரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதற்காக உயரத்தைத் திரும்ப ஏற்றலாமா என்று ஒரு சபலம். ஏற்றவில்லை.

பிரிட்ஜ் இன்னமும் நகர்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மில்லிமீட்டர், சில சமயம் அதுவும் இல்லை. அதன் கால்களைச் சுற்றி மெல்லிய பென்சில் கோடு போட்டிருக்கிறேன். கோட்டை விட்டு விலகினால் கம்பியைச் சற்றுத் தளர்த்தி, கட்டை விரலால் தள்ளி வைத்துவிடுவேன். பழைய இரண்டு திருகும் ஒரு உறையில் இருக்கின்றன. அந்த உறையைக் கிடார்ப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி, அதன்மேல் எழுதியும் வைத்திருக்கிறேன்: “011, மூன்றாவது சுற்றுக்கம்பி. 12-ஆம் ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜுக்கு 314. இது நகரும். நகரட்டும், திருகு அடிக்காதீர்கள்.”